குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மொட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை போட்டுக்கொண்டு குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் வழக்கம் அமெரிக்காவில் செயின்ட் பால்ட்ரிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை வழியாகப் பரவியது. அங்கே வாழும் தமிழர்கள் அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ இதை முதன்முறை கேள்விப்படும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம்.

மொட்டை போட்டா எப்படிங்க பணம் வரும்? யார் கொடுக்கிறாங்க?

மொட்டை போடுபவருக்குத் தெரிந்தவர்கள் கொடுக்கிறார்கள். "இந்தத் தேதியில் மொட்டை போடப்போகிறேன், அதை முன்னிட்டுக் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று உறவினர், நண்பர், உடன் வேலை பார்ப்பவர் எல்லோரிடமும் கேட்கிறீர்கள். அவர்கள் உங்கள் பெயரில் உள்ள இணையப் பக்கத்தில் நேரடியாகப் பணம் செலுத்துகிறார்கள். பணம் அறக்கட்டளைக்குப் போகிறது, உங்கள் கைக்கு வருவதில்லை.

முடி இறங்குவதால் மட்டும் யாருக்கும் ஒரு காசும் போய்ச் சேராது. கேட்பதுதான் உண்மையான வேலை. அதை விட்டுவிட்டு மொட்டை மட்டும் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போட்டால் ஆராய்ச்சிக்கு அதனால் பயனில்லை.

செயின்ட் பால்ட்ரிக்னு நிஜமாவே ஒரு புனிதர் இருந்தாரா?

இல்லை. செயின்ட் பேட்ரிக் என்ற அயர்லாந்துப் புனிதரின் பெயரோடு வழுக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து உருவாக்கிய பெயர். டிம் கென்னி, ஜான் பெண்டர், எண்டா மெக்டொனல் ஆகிய மூன்று மறுகாப்பீட்டுத் துறை அதிகாரிகள், செயின்ட் பேட்ரிக் திருநாள் விருந்தைப் பயனுள்ளதாக மாற்ற நினைத்தார்கள். 2000 மார்ச் 17 அன்று நியூயார்க் மன்ஹாட்டனில் முதல் நிகழ்ச்சி நடந்தது. பதினேழாம் தேதி, 17 பேர், 17,000 டாலர் என்பது இலக்கு. 19 பேர் மொட்டை போட்டார்கள், 1,04,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

மார்ச் மாதத்தில் நிகழ்ச்சிகள் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஆண்டின் எந்த நாளிலும் நடத்தலாம்.

நேரா பணம் கொடுத்தா போதாதா? எதுக்கு மொட்டை?

தாராளமாகப் போதும். உங்களால் ஆயிரம் டாலர் கொடுக்க முடியுமென்றால் கொடுத்துவிடுங்கள், முடியைத் தொட வேண்டியதில்லை. மொட்டையின் பயன் வேறு. ஒருவர் தனியாக 50 டாலர் கொடுப்பதற்குப் பதிலாக, தனக்குத் தெரிந்த நாற்பது பேரிடம் ஆளுக்கு 25 டாலர் கேட்க அது ஒரு காரணத்தைத் தருகிறது. பிறகு பல வாரங்களுக்கு, பார்ப்பவர் எல்லாம் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் நோயைப் பற்றிய செய்தி பரவுகிறது.

மொட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குச் சிகிச்சையோடும் தொடர்பு உண்டு. கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. முடிவேர்ச் செல்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் குழந்தைகளுக்கு முடி கொட்டத் தொடங்கும்.

பெரியவங்க மருந்தையே டோஸ் குறைச்சுக் குழந்தைக்குக் கொடுக்கலாமே? தனி ஆராய்ச்சி எதுக்கு?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் பெரும்பாலும் வேறு வகையானவை. புகை, மது, நீண்ட நாள் பழக்கவழக்கம் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் காரணங்கள் இங்கே பொருந்தா. ரத்தப் புற்றுநோய், மூளைக்கட்டி, நரம்புத் திசுவில் வரும் நியூரோபிளாஸ்டோமா, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி ஆகியவை முக்கியமானவை. இவற்றில் பல, உடல் வளரும் காலத்துச் செல்கள் முதிர வேண்டிய வழியில் முதிராமல் போவதால் உண்டாகின்றன. பெரியவர்களின் நுரையீரல் புற்றுக்கோ மார்பகப் புற்றுக்கோ வடிவமைத்த மருந்து இவற்றில் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் தாமாக முதலீடு செய்யும் ஆர்வமும் குறைவு.

ஆராய்ச்சி என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்குமுன் அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அமினோப்டெரினை லெடர்லே ஆய்வகத்தில் உருவாக்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. இன்று அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் சுமார் 90 விழுக்காட்டினர் பிழைக்கிறார்கள். ஆனால் டிஐபிஜி என்ற மூளைத்தண்டுக் கட்டி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியை மூடத்தான் பணம் கேட்கிறோம்.

சரி, நாங்க கொடுக்கிற 25 டாலர் கடைசியில எங்க போகுது?

அறக்கட்டளை நேரடியாக மருத்துவமனை நடத்துவதில்லை. ஆய்வாளர்கள் விண்ணப்பிக்கிறார்கள், துறை வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள், தேர்வானவர்களுக்கு நிதி போகிறது. இளம் ஆய்வாளர்கள் சொந்த ஆய்வகம் அமைத்துக்கொள்ள மூன்றாண்டு உதவி, பயிற்சி மருத்துவர்களுக்கு உதவி, மருத்துவமனைகளில் மருந்துச் சோதனைகளை நடத்தும் ஊழியர்களின் சம்பளம், ஏழை நாடுகளிலிருந்து வந்து பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கு உதவி என்று பல பிரிவுகள் உண்டு. 2005 முதல் இப்படிக் கொடுத்தது 30 கோடி டாலருக்கு மேல்.

சில்ட்ரன்ஸ் ஆங்காலஜி குரூப் என்ற மருத்துவமனைக் கூட்டமைப்பும் இந்த நிதியைப் பெறுகிறது. அமெரிக்கக் குழந்தைகளுக்கான பெரிய புற்றுநோய் மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் அதன் மூலமாகத்தான் நடக்கின்றன. கடுமையான நியூரோபிளாஸ்டோமாவுக்கான டினுடுக்ஸிமாப் மருந்தை அந்தக் கூட்டமைப்பு 226 பேரிடம் சோதித்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இரண்டாண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 46 விழுக்காடு, புதிய மருந்தைச் சேர்த்துப் பெற்றவர்களில் 66 விழுக்காடு. 2015 மார்ச்சில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. உங்கள் 25 டாலர் குறிப்பிட்ட எந்தக் குழந்தையின் மருத்துவச் செலவுக்கும் போவதில்லை. அப்படி ஒரு குழந்தைக்கு உதவ நினைத்தால் அதற்குத் தனியாகக் கொடுங்கள், இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாற வேண்டாம்.

நிர்வாகச் செலவு எவ்வளவு என்று கேட்பதில் தவறே இல்லை. வரித்துறைக்கு அறக்கட்டளை ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும். அதைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதிவு பண்றது எப்படி? இவ்வளவு திரட்டினாத்தான் மொட்டைன்னு கணக்கு இருக்கா?

அறக்கட்டளையின் இணையதளத்தில் உங்கள் ஊரில் நடக்கும் நிகழ்ச்சியைத் தேடி, மொட்டை போடுபவராகப் பதிவு செய்யுங்கள். உங்களுக்கு ஒரு பக்கம் உருவாகும். அதில் மூன்று விஷயங்களை உடனே செய்யுங்கள்: முடி நன்றாகத் தெரியும்படி இப்போதைய உங்கள் படம், ஏன் செய்கிறீர்கள் என்று நாலைந்து வரி, இலக்குத் தொகை. அருகில் நிகழ்ச்சி இல்லையென்றால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு பக்கத்தை மட்டும் நடத்தலாம். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

இலக்கை நீங்களே வைக்கிறீர்கள். முதல்முறை செய்பவருக்கு 500 முதல் 1,000 டாலர் எட்டக்கூடியது. 10,000 என்று வைத்துவிட்டு 400இல் நின்றால், பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்குத் தன் 20 டாலரால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 500 வைத்து, அதைத் தாண்டியதும் 800, 1,000 என்று ஏற்றிக்கொண்டே போங்கள்.

காசு கேக்கக் கூச்சமா இருக்கு. எப்படிக் கேக்கறது?

முதல் தொகையை நீங்களே போடுங்கள். வெறும் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட எல்லோரும் தயங்குவார்கள். அடுத்து மிக நெருக்கமான ஐந்து பேரைக் கூப்பிட்டுச் சொல்லி அவர்கள் தொகையும் ஏறிய பிறகுதான் பொதுவில் பகிர வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒரே செய்தியால் பெரிதாக எதுவும் வராது, ஒவ்வொருவரும் இன்னொருவர் கொடுப்பார் என்று விட்டுவிடுவார்கள். தனித்தனியாக, பெயர் சொல்லி, தொகை சொல்லி எழுதுங்கள்: "முரளி அண்ணா, மார்ச் 14 அன்று மொட்டை போடுகிறேன். குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 25 டாலர் தர முடியுமா? இதோ இணைப்பு." அவ்வளவு போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். மொட்டை போட்ட அன்று மாலை புதிய படத்தோடு எல்லோருக்கும் நன்றி எழுதுங்கள். கொடுக்க நினைத்து மறந்துபோனவர்கள் அப்போது கொடுப்பார்கள்.

ரொக்கமா கொடுத்தா வாங்கலாமா? ஆபீஸும் சேர்த்துக் கொடுக்கும்னு சொல்றாங்களே?

வாங்கலாம். ஆனால் உறையில் போட்டு, மேலே கொடுத்தவர் பெயர், முகவரி, தொகை, உங்கள் பெயர் நான்கையும் எழுதி நிகழ்ச்சி அமைப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். காசோலை அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும், குறிப்பு வரியில் உங்கள் பெயர். பணத்தை உங்கள் கணக்கில் போட்டு மொத்தமாக உங்கள் கார்டில் கட்டினால் ரசீது உங்கள் பெயரில் வரும், கொடுத்தவர்களுக்குக் கிடைக்காது. இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பல அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையான தொகையைத் தாமும் கொடுக்கின்றன. ஆனால் அது தானாக நடக்காது. பணம் கொடுத்தவர் ரசீதை வைத்துத் தன் நிறுவனத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கெடுவும் உண்டு. நன்றிக் கடிதத்திலேயே "உங்கள் நிறுவனம் இணையான தொகை தருமா என்று பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பழனியில போடற மாதிரி கத்தி வெச்சு வழிச்சிடுவாங்களா?

இல்லை, மிஷின்தான். சீப்பு மாட்டாத மிஷினில் எடுப்பதால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முடி மிஞ்சும், தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வரிசையாகப் பலருக்குப் போடும் இடத்தில் கத்தி வைத்தால் வெட்டுக்காயம் படும், ரத்தத்தின் வழியாகத் தொற்று பரவும் ஆபத்தும் உண்டு. வழவழவென்று வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய் உங்கள் ரேசரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தலையில் மச்சம், மரு, சொரியாசிஸ் இருப்பவர்கள் உட்காரும்போதே முடிதிருத்துநரிடம் சொல்லிவிட வேண்டும். முடிக்கடியில் இருப்பது அவருக்குத் தெரியாது.

அன்னைக்கு எப்படிப் போகணும்? எண்ணெய் வெச்சுக்கலாமா?

எண்ணெய் வேண்டாம். எண்ணெயும் ஜெல்லும் மிஷினின் பல்லில் ஒட்டினால் அது வெட்டாமல் இழுக்கும், வலிக்கும். முந்தின நாள் தலைக்குக் குளித்து, நன்றாகக் காய்ந்த தலையோடு போங்கள். ஈர முடியும் மிஷினுக்கு ஆகாது. தலைவழியாக மாட்டும் பனியனைவிடப் பட்டன் வைத்த சட்டை நல்லது, தலைவழியாகக் கழற்றாமல் முடித் துகளை உதறலாம். மாற்றுச் சட்டை ஒன்றும் தொப்பி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதக் குளிரில் மொட்டைத் தலையோடு வெளியே வந்தால் எப்படி உறைக்கும் என்பது போட்ட பிறகுதான் தெரியும்.

வெட்டின நீள முடியை விக் செய்யக் கொடுக்கலாம்தானே?

கொடுக்கலாம், ஆனால் அது வேறு நிறுவனங்களின் வேலை. செயின்ட் பால்ட்ரிக்ஸ் விக் செய்வதில்லை. லாக்ஸ் ஆஃப் லவ் குறைந்தது 10 அங்குலம் கேட்கிறது, விக்ஸ் ஃபார் கிட்ஸ் 12 அங்குலம், சில்ட்ரன் வித் ஹேர் லாஸ் 8 அங்குலம். சாயம், பிளீச் விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஷின் வைப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். காய்ந்த முடியைச் சிக்கெடுத்து, நான்கு முதல் ஆறு சடையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் ரப்பர் பேண்டால் இறுக்கி, மேல் பேண்டுக்கு அரை அங்குலம் மேலே கத்தரியால் வெட்ட வேண்டும். ஒரே குதிரைவாலாகக் கட்டினால் ஓரத்து முடியெல்லாம் அளவு குறைந்துவிடும். தரையில் விழுந்து கலைந்த முடியை யாரும் ஏற்பதில்லை. உறையில் போடும்போது ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்து மொத்தமும் வீணாகும்.

பொண்ணுங்களும் போடறாங்களா? எங்க அம்மா கேட்டா "அபசகுனம்"னு அழுதுடுவாங்க.

நிறையப் பெண்கள் போடுகிறார்கள். புற்றுநோய் வந்த குழந்தைகளின் தாய்மார்கள் 46 மம்மாஸ் என்ற பெயரில் குழுவாகவே மொட்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் சராசரியாக ஒரு வேலைநாளில் 46 குழந்தைகளுக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது என்று அப்போது கணக்கிட்டதால் அந்தப் பெயர்.

நம் வீடுகளில் பெண்ணின் மொட்டைக்கு இரண்டு அர்த்தம் உண்டு: ஒன்று வேண்டுதல், மற்றது துக்கம். அம்மா எதை நினைத்து அழுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும், அவர் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். போட்ட பிறகு வீடியோ அழைப்பில் காட்டி அதிர்ச்சி கொடுப்பதைவிட, ஒரு மாதம் முன்பே சொல்லி, "ஒரு குழந்தைக்காக வேண்டிக்கொண்ட மாதிரி நினைச்சுக்கோம்மா" என்றால் பெரும்பாலும் மனம் இளகும். வீட்டில் கல்யாணம், சீமந்தம் இருந்தால் தேதியைக் கணக்கிடுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வளரும்.

எட்டு வயசுப் பையன் நானும் போடறேன்னு அடம் பிடிக்கிறான். விடலாமா?

அவனாகக் கேட்டால் விடலாம். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். முதலில் பள்ளியில் பேசுங்கள். 2013இல் சிங்கப்பூரில் இதே போன்ற நற்செயலுக்காக மொட்டை போட்ட மாணவிகளை ஒரு பள்ளி விக் அணிந்து வரச் சொன்னது பெரிய சர்ச்சையானது. ஒரு கடிதத்தில் முடிகிற விஷயம் பிள்ளைகளின் தலையில் விழக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவன் வேண்டாம் என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். கூட்டம் கைதட்டுகிறதே என்று அழும் குழந்தைக்கு மொட்டை போடுவது இந்த நோக்கத்துக்கே எதிரானது.

ஆபீஸ்ல நாங்களே நடத்தணும்னா எத்தனை முடிதிருத்துநர் வேணும்?

குட்டை முடிக்கு ஏழெட்டு நிமிடம், நீள முடிக்குப் பதினைந்து நிமிடம், நடுவில் சுத்தம் செய்ய நேரம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து தலை முடிப்பார் என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் 30 பேர் என்றால் மூன்று பேர் வேண்டும். உரிமம் பெற்றவர்களையே அழையுங்கள், நன்றாக மிஷின் பிடிக்கத் தெரிந்த நண்பர் போதாது.

சிக்கல் வருவது மிஷினில்தான். ஆளுக்கு ஒரு மிஷின், மொத்தத்தில் ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள். தொடர்ந்து ஓடினால் பல் சூடேறித் தலையைச் சுடும், மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். மூன்று நான்கு தலைக்கு ஒருமுறை ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். ஒவ்வொரு தலைக்கும் இடையில் முடியைத் துடைத்து, கிருமிநாசினி ஸ்பிரே அடித்து, அதன் புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை விட வேண்டும். திரவத்தில் ஊறவைக்கும் சீப்பு, கத்தரிக்குப் பத்து நிமிடம். கழுத்துக்குக் காகிதப் பட்டை, துடைப்பம், பெரிய குப்பைப் பைகள், முதலுதவிப் பெட்டி இருக்கட்டும். கம்பளம் விரித்த அறையில் மட்டும் வைக்காதீர்கள், அந்தத் துகளை எடுக்கவே முடியாது.

நீள முடிக்காரர்களைக் கடைசியில் வையுங்கள். மேலே சொன்ன சடை வெட்டும் வேலைக்கு ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வரிசை அங்கேயே தேங்கும். கூட்டம் இருக்கும்போதே "முதல் சடையை வெட்ட யார் அதிகம் தருவீர்கள்?" என்று ஏலம் விடலாம், நல்ல தொகை வரும்.

போட்ட பிறகு தலையை எப்படிப் பாத்துக்கணும்?

வெயிலே படாத தோல் அது, ஒரே மதியத்தில் சிவந்துவிடும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் அல்லது தொப்பி கட்டாயம். அன்று இரவு மென்மையான சோப்பு, பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சந்தனம் பூசும் பழக்கம் உள்ளவர்கள் பூசலாம். சிறு கொப்புளங்கள் வந்தால் நகத்தால் கிள்ளாமல் இரண்டு நாள் ரேசர் வைக்காமல் விடுங்கள்.

சிகிச்சையில இருக்கிற குழந்தைக்கு இதெல்லாம் பார்த்தா கஷ்டமா இருக்காதா?

சில குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, சில குழந்தைகளுக்கு வருத்தம். முடி போனதை மறக்க நினைக்கும் பதின்வயதுப் பெண்ணுக்கு அது நினைவூட்டலாக அமையலாம். எனவே ஒரு குழந்தையின் பெயரையோ படத்தையோ உங்கள் பக்கத்தில் போடுவதற்கு முன் பெற்றோரிடமும், விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையிடமும் கேளுங்கள். "உனக்காக மொட்டை போட்டேன்" என்று திடீரென்று போய் நிற்காதீர்கள். பார்க்கப் போவதானால் சளி, காய்ச்சல் இல்லாதபோது மட்டும் போங்கள். கீமோ நடக்கும்போது வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், சாதாரணச் சளியே ஆபத்தாக முடியலாம்.

ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்லயும் இதே மாதிரி இருக்கே, எல்லாம் ஒண்ணுதானா?

மொட்டை ஒன்றுதான், பணம் போகும் இடம் வேறு. ஆஸ்திரேலியாவின் வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் ஷேவ், ரத்தப் புற்றுநோய் வந்த எல்லா வயதினருக்குமானது. பிரிட்டனில் பிரேவ் த ஷேவ், மேக்மில்லன் அமைப்பின் நோயாளி உதவிப் பணிக்கு. சிங்கப்பூரின் ஹேர் ஃபார் ஹோப், சில்ட்ரன்ஸ் கேன்சர் ஃபவுண்டேஷன் வழியாகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவுகிறது. எல்லாமே நல்ல வேலை. கேட்பவரிடம் எது எதற்கு என்று சரியாகச் சொல்லுங்கள்.

வரிவிலக்கு உண்டா? ஊர்ல இருக்கிற மாமா கொடுத்தா?

அமெரிக்காவில் இது 501(சி)(3) என்ற வரிச்சட்டப் பிரிவில் வரும் அறக்கட்டளை, நன்கொடையை வரிக்கணக்கில் காட்டலாம். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் எழுத்து மூலமான ரசீது அவசியம். குலுக்கல் சீட்டு வாங்கிய பணம் நன்கொடை ஆகாது. உங்கள் முடிக்கும் நேரத்துக்கும் விலை போட்டு எழுத முடியாது. இந்தியாவில் வரி கட்டும் மாமாவுக்கு 80ஜி சலுகை கிடைக்காது, அது அங்கீகாரம் பெற்ற இந்திய நிறுவனங்களுக்கே. அவருக்கு அந்தச் சலுகை முக்கியமென்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் குழந்தைப் புற்றுநோயில் குணமாவோர் 30 விழுக்காட்டுக்கும் குறைவு, அங்கே சேரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேவை இருக்கிறது.

ஏற்கெனவே திருப்பதிக்கு வேண்டுதல் இருக்கு. ஒரே மொட்டையை ரெண்டுக்கும் சேர்த்துக்கலாமா?

வேண்டுதல் முடி கோயிலில் இறக்க வேண்டியது, அதைச் சடையாக வெட்டி விக்குக்கும் அனுப்ப முடியாது. ஆனால் நிதி திரட்டுவதற்குத் தடையில்லை. நன்கொடையாளர்களிடம் "திருப்பதியில் முடி இறக்குகிறேன், அதையொட்டி ஆராய்ச்சிக்கும் திரட்டுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஒளிவுமறைவில்லை. சொல்லாமல் செய்து, பிறகு தெரியவந்தால் எப்படியும் போடவிருந்த மொட்டைக்குக் காசு வாங்கினதாகப் பேச்சு வரும். மத நெறிப்படி முடி வெட்டாத சீக்கியர்களும், முடி ஏற்கெனவே இல்லாதவர்களும் வேறு ஏதாவது செய்து திரட்டலாம்: ஓட்டம், சமையல் விருந்து, மீசை எடுப்பது. அறக்கட்டளை அதற்கும் பக்கம் தருகிறது.

பணமெல்லாம் வந்துடுச்சு, இப்போ பயமா இருக்கு. பின்வாங்கலாமா?

உங்கள் தலை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வந்த பணம் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் பயன் குறையாது. ஆனால் கொடுத்தவர்களிடம் நிகழ்ச்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேலை நேர்காணல், உடல்நலம், வீட்டுச் சூழல் எதுவானாலும் இரண்டு வரியில் எழுதினால் போதும். நாளைத் தள்ளிப்போட்டால் புதிய தேதியைக் குறிப்பிடுங்கள். அமைப்பாளரிடமும் உடனே சொல்லுங்கள், உங்கள் நேரத்தில் வரிசையில் நிற்கும் இன்னொருவரை உட்கார வைப்பார்.